மீனெண்ணெய்க் குளிகையும் வெள்ளைக் கையுறையும்

எங்கள் வீட்டுக் குளியலறைச் சாளரத் திட்டில், சீயக்காய்த் தூள் வைத்த தகர டப்பாவுக்கும் துணி துவைக்கும் சோப்புக் கட்டிக்கும் நடுவே, ஒரு சிறிய புட்டி சில காலம் இருந்தது. அதனுள் தேனின் நிறத்தில் குளிகைகள் கிடந்தன. வாயில் போட்டு விழுங்க வேண்டிய பொருளைக் குளியலறையில் வைத்ததற்குக் காரணம், அது மீனெண்ணெய் என்பதே. என் மனைவி பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, முட்டையைக்கூடக் கையால் தொட்டறியாதவள். அந்தப் புட்டிக்கு அடுக்களையில் இடமில்லை. விளக்கேற்றும் மாடத்தின் பக்கம் அது வரவே கூடாது. படுக்கையறை அலமாரியில் வைக்கலாமே என்றால், அங்கே அவளுடைய தந்தையார் படம் இருந்தது. வீட்டுக்குள் இருந்தும் இல்லாதது போன்ற ஓரிடம் அதற்கு வேண்டியிருந்தது. சாளரத் திட்டு வாய்த்தது.

நாங்கள் நெல்லைப் பக்கத்தவர்கள். ஒசூரில் தமிழாசிரியனாகப் பணியேற்று வந்து, ஓய்வு பெற்ற பின்னும் ஊர் திரும்ப மனமின்றி அங்கேயே தங்கிவிட்டோம். நான் சொல்லும் காலம் இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டு. ஓய்வூதியத்தோடு வீட்டில் அமர்ந்திருக்க இயலாமல், தனியார் பள்ளி ஒன்றில் முற்பகல் மட்டும் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். தெருவில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து ஒலிக்கும். தொழிற்சாலைப் பேருந்துகள் விடியுமுன் வந்து ஆட்களை ஏற்றிச் செல்லும். எங்கள் ஒரே மகளும் அப்படி ஒரு பேருந்தில் ஏறிப் போய், மின்பொறிகளுக்கான சிறு உறுப்புகளைப் பொருத்தும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள்தான். அங்கேயே உடன் வேலை பார்த்த இளைஞரை மணந்துகொண்டாள். மணமான பின்னும் வேலையை விடவில்லை. அவர்கள் ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருக்கும் குடும்பத்தினர். ஆடு கோழி மீன் எல்லாம் உண்பவர்கள். அந்த மணத்துக்காக எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதங்களை இங்கே எழுதப் போவதில்லை. நடந்தன, ஓய்ந்தன.

மகள் மணமாகிப் போன பிறகுதான் மனைவியின் கைகளில் நோய் கண்டது. முதலில் முழங்கையில் காசளவு சிவந்து, அதன் மேல் வெண்மையாகப் பொருக்குத் தட்டியது. பனிக்காலம் வந்ததும் புறங்கைக்கும் விரல் கணுக்களுக்கும் இறங்கிற்று. ஒசூரின் மார்கழிக் குளிரும் வறண்ட காற்றும் நல்ல தோலையே வெடிக்கச் செய்பவை. தோல் மருத்துவர் சொரியாசிஸ் என்றார். நம் பழைய மருத்துவத்தார் காளாஞ்சகப்படை என்று வழங்கும் நோயே அது என்பதை அகராதியில் தேடிக் கண்டு அவளிடம் சொன்னேன்.

“பேரு நல்லாத்தான் இருக்கு. போறதுக்கு வழி என்னன்னும் அதுல போட்டிருக்கா?” என்றாள்.

போட்டிருக்கவில்லை.

அந்த மருத்துவர் என் மகளைவிடச் சற்றே மூத்த பெண்மணி. பொறுமையாகப் பேசுவார். இது தொட்டால் ஒட்டும் நோயன்று, உடலின் தற்காப்பே தவறித் தன் தோலைத் தாக்குவதால் வருவது, முற்றும் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றெல்லாம் விளக்கினார்.

“ஒட்டாதும்மா. நீங்க தாராளமா யாரையும் தொடலாம்.”

“அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும் டாக்டர். எதுக்க உட்காந்திருக்கவங்களுக்குத் தெரியணும்லா?”

அவள் சொன்னதில் பொருள் இருந்தது. கோவிலில் திருநீற்றுத் தட்டை அவளிடம் நீட்டும் கை சற்றே உயர்ந்துகொள்ளத் தொடங்கியிருந்தது. கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேசை மேல் வைத்தார். அவள் முழுக்கை இரவிக்கை தைத்துக்கொண்டாள். புறங்கையை மறைக்க முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வாள். களிம்பு பூசினாள். சில நாள் அடங்கும், பிறகு மீண்டும் எழும். அவளும் சலித்தாள், நானும் சலித்தேன். மருத்துவரகத்தின் நீள இருக்கையில் உட்கார்ந்து எங்கள் முறைக்குக் காத்திருப்பதே எங்கள் முதுமையின் வேலை என்று ஆகிவிட்டது.

இந்நிலையில் மகள் கருவுற்றாள்.

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு. மருமகன் வீட்டு வழக்கப்படி அது அவர்கள் ஊரில் நடக்கும். பெண்ணைப் பெற்றவள்தான் முதலில் எழுந்து, மகளின் இரு கன்னங்களிலும் கைகளிலும் சந்தனம் பூசி, முதல் வளையலை இட வேண்டும். மற்றச் சுமங்கலிகள் அதன் பிறகே வருவர். எல்லாம் முடிந்ததும் தாய் தன் மகளை அழைத்துக்கொண்டு வீடு திரும்புவாள். தலைப்பேறு தாய்வீட்டில். மனைவி அதற்காகவே பின்னறையை ஒழித்து, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். தாய் தோசை வார்த்துப் போட, அவள் உண்டுகொண்டிருந்தாள். தட்டில் தோசையை வைக்கும் கையையே அவள் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். உண்டு முடித்தபின் தன் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். உள்ளே வெள்ளைப் பருத்திக் கையுறைகள்.

“அம்மா, எங்க லைன்ல எல்லாரும் போடறதுதான் இது. புதுசு. ஸ்டோர்ஸ்ல கேட்டு வாங்கினேன். வளைகாப்பு அன்னைக்குப் போட்டுக்கோயேன்.”

தாயின் காதில் விழவில்லை போலும் என்று எண்ணி மகள் மீண்டும் சொன்னாள்: “சும்மாதாம்மா. அந்த ஊர்ல நூறு பேர் வருவாங்க. ஆளாளுக்கு என்னது என்னதுன்னு கேட்டு உன் மனசைக் கஷ்டப்படுத்துவாங்க. அதுக்குத்தான்.”

“சரிடி.”

“கோவமா?”

“கோவம் என்ன கோவம். இன்னொரு தோசை வைக்கட்டா?”

“போதும்மா.” பிறகு எங்கோ பார்த்தபடி, “அத்தை சொல்றாங்க, டெலிவரிக்கு அங்கேயே இருந்தாலும் தனக்குப் பாரமில்லையாம். நான் இன்னும் ஒண்ணும் சொல்லல,” என்றாள்.

தாய் அடுப்பை அணைத்தாள். மகள் பேருந்து ஏறிப் போன பிறகு, மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

“அவ சந்தனத்துக்கு மட்டும் சொல்லல, கேட்டுக்கிடுங்க. கையுறை போட்டுக்கிட்டுப் பச்சப்பிள்ளையைக் குளிப்பாட்ட முடியுமா? முடியாதுல்லா. அப்ப எங்க பெறணும்னு அவ முடிவு பண்ணிட்டா.”

“அவள் முடிவு செய்யவில்லை என்றுதானே சொன்னாள்?”

“நீங்க இலக்கணம் பாக்கறவுக. நான் மூஞ்சியைப் பாக்கறவ.”

கையுறைகள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. மறுநாளே அவள் மருத்துவரிடம் புறப்பட்டாள். வளைகாப்புக்குள் கை தெளிய வேண்டும், என்ன செய்தாலும் சரி என்று கேட்டாள். மருத்துவர் வீரியம் மிக்க மாத்திரைகளை அவளுடைய ஈரலின் நிலை கருதித் தர விரும்பவில்லை. களிம்பை மாற்றினார். பிறகு சற்றுத் தயங்கி, “இதோட மீன் எண்ணெய் கேப்சூல் சேத்துப் பாக்கலாம்மா,” என்றார். “நிச்சயம்னு சொல்ல மாட்டேன். சிலருக்குச் சிவப்பும் அரிப்பும் கொஞ்சம் குறையுது. சிலருக்கு ஒண்ணுமே தெரியாது. களிம்பை விட்டுட்டு இதை மட்டும் நம்பக்கூடாது. தினமும் விடாம சாப்பிடணும், பலன் தெரிய மாசக்கணக்கு ஆகும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதும் எடுக்கறீங்களா?”

“அதெல்லாம் இல்ல. மீன்னா, நெசமாவே மீனா?”

“நெசமாவே மீன்தான்.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல முடியும்? அவளுடைய நாக்கு, அவளுடைய கை, அவளுடைய மகள். வெளியே வந்து, மருந்துக்கடை வாயிலில் நின்று, நெடுநேரம் சாலையில் போகும் சுமையுந்துகளைப் பார்த்தாள். பிறகு, “வாங்கிட்டு வாங்க. நான் இங்கனயே நிக்கேன்,” என்றாள்.

இச்செய்தியை யாரிடமும் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளையிட்டவள், அன்று மாலையே அடுத்த வீட்டுக் கன்னடத்து அம்மையாரிடம் சொல்லிவிட்டாள். ஒருவரிடமாவது சொல்லாமல் அவளால் அதைச் சுமக்க முடியவில்லை போலும். அந்த அம்மையாரும் ஊன் உண்ணாதவர். வெகுண்டு எழுந்து, ஒரு கிண்ணம் நிறைய ஆளிவிதைப் பொடியோடு வந்து நின்றார். அவர்கள் அதனை அகசெ என்பர். வறுத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்து, கேழ்வரகுக் களியோடு உண்பர்.

“மீனு ஏக்கே அக்கா? ஐயோ, பேடா, வேணாம். இதுல எல்லாம் இருக்கு. எங்க மாமியாருக்குக் கால் வலியே போயிடுச்சு.”

“கால் வலி போச்சு சரி. கை தெளியுமா?”

“கை காலு எல்லாம் ஒரே உடம்புதானே அக்கா!”

மருத்துவரைக் கேட்டதில், ஆளிவிதை நல்லதே, உண்ணட்டும், ஆனால் மீனெண்ணெயில் நேராகக் கிடைப்பதை உடல் அதிலிருந்து சிறிதளவே ஆக்கிக்கொள்ளும் என்றார். ஆகவே பொடி அடுக்களைக்குள் போயிற்று. புட்டி குளியலறைத் திட்டில் நிலைத்தது.

நான் பள்ளிக்குச் சென்றிருக்கும் முற்பகலில்தான் அவள் குளிகையை விழுங்குவாள். நான் அதனைக் கண்டதில்லை. கண்டதெல்லாம் அதன் பின்விளைவே. பிற்பகலில் அவளுக்கு ஏப்பம் வரும். வந்தவுடன் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவாள். ஒருநாள் மாலை விளக்கேற்றி நின்று பதிகம் பாடத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

“என்ன ஆயிற்று?”

“என்ன ஆச்சு. பாட்டுக்கு நடுவுல அது வருது. சாமி மூஞ்சியைத் திருப்பிக்கிடும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. ஆனால் அவளுடைய சிரிப்பு நீடிக்கவில்லை. கற்பூரத்தை அணைய விட்டு, அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த நாள்களில் அவள் உட்காரும் விதமே மாறியிருந்தது. எழுந்திருக்கும் எண்ணம் இல்லாதவர்கள் உட்காருவது போல் உட்காருவாள்.

வாரங்கள் போயின. கை தெளியவில்லை. தெளியாததோடு, முன்னைவிடச் சிவந்து வெடித்தது. விரல் மடிப்புகளில் குருதி கசிந்தது. முழங்கால்களிலும் புதிதாகத் தோன்றியது. குளிகையே ஒவ்வவில்லை என்று நான் கருதினேன். அவளோ, தெய்வத்துக்கு ஒவ்வவில்லை என்று கருதினாள். மகள் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம், “கை பரவால்லடி,” என்றே சொல்வாள். பேசி முடித்ததும் கருவியை வைத்துவிட்டு, அதை வைத்த கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வளைகாப்பு நெருங்கியது. மீண்டும் மருத்துவரிடம் சென்றோம். அவர் அவளுடைய கைகளைத் தம் கைகளில் ஏந்திப் பார்த்தார். முகம் சுளித்தார்.

“களிம்பு ஒழுங்கா போடறீங்களா?”

“ரெண்டு வேளையும்.”

“கேப்சூல்?”

“சாப்பிடுதேன் டாக்டர்.”

“தினமும்?”

மனைவி முந்தானையைப் புறங்கைமேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

“அம்மா?”

“வெள்ளிக்கிழமை எப்படிச் சாப்பிட? செவ்வாய் விரதம். பிரதோஷம், கிருத்திகை, அமாவாசைன்னு வரும்லா. மத்த நாளெல்லாம் சாப்பிட்டுருவேன்.”

மருத்துவர் எழுதுகோலை மேசைமேல் வைத்தார். “அப்ப மத்த நாள்னு எது மிச்சம் இருக்கு?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஓய்ந்து போனவராகச் சொன்னார். பிறகு அவளுடைய தோலை மீண்டும் நோக்கினார். “ஆனா அதனால இப்படி வெடிக்காது. தோலு தேய்ச்சு எடுத்த மாதிரி இருக்கு. தினமும் எத்தனை தடவை குளிக்கறீங்க?”

“காலைல ஒரு தடவை. அதை முழுங்கினா உடனே ஒரு தடவை.”

“எதை?”

“அந்த மீனை.”

மனைவி தானாகவே சொல்லலானாள். குளியலறைக்குள் சென்று கதவை அடைத்து, புட்டியைத் திறந்து, குளிகையை விழுங்கி, அங்கேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வாளாம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர். சீயக்காய் போட்டு, பீர்க்கங்கூட்டு நாரால் உடம்பெல்லாம் தேய்ப்பாளாம். கைகளை மட்டும் இரண்டு முறை. ஏனெனில் புட்டியைத் தொட்டவை அவைதாம். ஏப்பம் வந்துவிட்டால் மாலையிலும் ஒருமுறை. குளித்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் நுழைவாள். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரோ, கொதிக்க வைத்த ஏனத்தின் அடியில் வெண்கல்லாகப் படியும் உப்புநீர்.

துக்க வீட்டுக்குப் போய் வந்தாற்போல, ஒவ்வொரு குளிகைக்கும் அவள் தலை முழுகியிருக்கிறாள். நான் பள்ளியிலிருந்து திரும்பும்போது ஈரத்தலையைத் துண்டால் சுற்றியிருப்பாள். மடி ஆசாரம் உள்ள வீட்டில் பிறந்தவளின் வழக்கமான குளியல் என்றே நானும் நினைத்திருந்தேன்.

“அம்மா,” என்றார் மருத்துவர். “மாத்திரை உள்ள போய் ஏதோ கொஞ்சம் நல்லது பண்ணப் பாக்குது. நீங்க வெளியில நின்னு தோலைச் சுரண்டி எடுக்கறீங்க. சூடு தண்ணி, சீயக்காய், நார், எல்லாமே இந்த வியாதிக்கு எதிரி. நான் என்னதான் களிம்பு எழுதிக் குடுத்தாலும் தாங்குமா?”

“குளிக்காம எப்படி டாக்டர் அடுப்படிக்குப் போறது?”

“வாயைக் கொப்பளிச்சுட்டுப் போங்க.”

“அது போதுமா?”

இந்த வினாவை அவள் மருத்துவரிடம் கேட்டாளா என்னிடம் கேட்டாளா என்பது எனக்கு விளங்கவில்லை. இருவரில் எவருக்கும் அதற்கு விடையளிக்கும் தகுதி இல்லை. மருத்துவர்தான் துணிந்தார். “போதும்,” என்றார்.

அன்று முதல் நெறிகள் மாறின. நாளுக்கு ஒரு குளியல், இளஞ்சூட்டில், நார் இன்றி. ஈரம் உலருமுன் உடம்பெங்கும் மருத்துவர் சொன்ன வெண்பசை. குளிகை வெறும் வயிற்றில் இல்லாமல் மதிய உணவின் நடுவே. அதனால் ஏப்பம் ஏறக்குறைய நின்றது. செவ்வாய்க்கிழமையை விட்டுக்கொடுத்தாள். பிரதோஷத்தையும் கிருத்திகையையும் அமாவாசையையும் நெடிய மனப்போராட்டத்துக்குப் பின் விட்டுக்கொடுத்தாள். வாயைக் கொப்பளித்து, நெற்றியில் சிறிது திருநீறு இட்டுக்கொண்டு அடுக்களைக்குள் நுழைவாள். முதல் சில நாள் வாயிற்படியில் தயங்கி நிற்பாள். அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தால் தயக்கம் கலையும். வெள்ளிக்கிழமை மட்டும் அவள் விடவில்லை. “ஒரு நாளாவது நான் நானா இருந்துக்கிடுதேன்,” என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

வெடிப்புகள் மூடின. குருதி கசிவது நின்றது. வெண்பொருக்கு மெலிந்தது. ஆனால் சிவப்பு போகவில்லை. விரல் கணுக்களில் அது தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தது. மீனெண்ணெயால் வந்த நலமா, குளியலை நிறுத்தியதால் வந்த நலமா, களிம்பின் பயனா என்று மருத்துவரைக் கேட்டேன்.

“சொல்ல முடியாது ஐயா. எனக்கு விட்டா குளியலை நிறுத்தினதுதான்னு சொல்வேன். கேப்சூலும் கொஞ்சம் கை குடுத்திருக்கலாம். இருக்கட்டும், நிறுத்த வேண்டாம்.”

வளைகாப்பு ஒரு வெள்ளிக்கிழமையில் அமைந்தது. விடியலில் வாடகை மகிழுந்து ஒன்றை அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். சூளகிரியைக் கடந்து, கிருட்டிணகிரியில் காப்பி அருந்தி, ஊத்தங்கரைச் சாலையில் திரும்பினோம். தட்டுகளில் பழமும் பலகாரமும். அவள் மடியில் கைப்பை. கைப்பைக்குள் அந்த உறை இருப்பதை நான் அறிவேன். எடுத்து வைத்ததைப் பார்த்திருந்தேன். வழியில் ஒருமுறை அவள், “இவ்வளவு பண்ணியும் இதானே மிச்சம்,” என்று புறங்கையைத் தடவிக்கொண்டாள்.

சம்பந்தி வீட்டு முற்றத்தில் துணிப்பந்தல் போட்டிருந்தார்கள். ஊரே திரண்டிருந்தது. மகளை மணையில் அமர்த்தி மாலை சூட்டியிருந்தார்கள். பச்சைப் பட்டு உடுத்தி, வயிறு முன்தள்ளிக் களைத்திருந்தாள். எங்களைக் கண்டதும் சிரித்தாள். சிரிப்போடு அவள் பார்வை தாயின் கைகளுக்குச் சென்று திரும்பியதை நான் கவனித்தேன். தாயும் கவனித்தாள்.

சந்தனக் கிண்ணம் வந்தது. “பொண்ணப் பெத்தவங்க மொதல்ல வாங்க,” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். மனைவி கைப்பையைத் திறந்து, உறையைப் பிரித்து, கையுறைகளை அணிந்துகொண்டாள். முற்றத்தில் பேச்சு ஒடுங்கியது. வெள்ளைக் கைகளோடு அவள் மகளை நோக்கி நடந்து சென்றதை இன்றும் என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

கிண்ணத்தை ஏந்தி நின்றவர் மருமகனின் தாய். உரத்த குரலும் அகன்ற உருவமும் உடையவர்.

“என்னாங்க சம்மந்திம்மா இது, டூட்டிக்கு வந்த மாதிரி?”

“கையில கொஞ்சம் படை இருக்கு. அதான்.”

“படைதானே? உங்க பொண்ணு சொல்லிருக்குது. ஒட்டாதாமே?”

“ஒட்டாது.”

“அப்பறம் என்னா? துணியைப் போட்டுக்கினு பூசினா சந்தனம் பூரா துணி குடிச்சிடும். புள்ளைக்கு என்னா மிஞ்சும்? கழட்டுங்க, கழட்டுங்க. நல்ல நேரம் போவுது.” பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னார்: “மீன் மாத்திரை கூட முழுங்கறீங்களாமே. எங்க வூட்டுக்கு வந்திருந்தா கொழம்பாவே வெச்சிருப்பேன்!”

பெண்கள் கூட்டம் சிரித்தது. மனைவியின் முகம் கன்றிச் சிவந்தது. மறைவாகக் காத்துவந்த ஒன்று ஊத்தங்கரைப் பந்தலில் அவிழ்ந்து விழுந்துவிட்டது. அடுத்த வீட்டு அம்மையார் மகளிடம் சொல்லியிருக்க வேண்டும், மகள் மாமியாரிடம். ஆனால் அடுத்த நொடியே அவளும் சிரித்துவிட்டாள். நெடுநாள் சுமந்ததை இனிச் சுமக்க வேண்டாம் என்று விட்டவளின் சிரிப்பு அது. கையுறைகளை உருவி என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

அவள் சந்தனத்தைத் தொட்டெடுத்து மகளின் முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். சிவந்த கணுக்கள் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தன. மகள் கண்களை மூடிக்கொண்டாள். இரு கன்னங்களிலும் பூசி, கைகளிலும் பூசி, முதல் வளையலை இட்டு முடிக்கும் வரை அவள் கண் திறக்கவில்லை. பின்னர் வந்த பெண்கள் பூசியபோதெல்லாம் திறந்த கண்களோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தாய் கை பட்டபோது மட்டும் ஏன் மூடினாள் என்று நான் அவளைக் கேட்டதில்லை. அன்பினால் என்றே மனைவி எடுத்துக்கொண்டாள். அவ்வாறே இருக்கட்டும். முகத்தைப் பார்த்து அறிபவள் அவள்தானே.

உணவு முடிந்ததும் மகள் தன் பெட்டியோடு வந்து மகிழுந்தில் ஏறினாள். ஒருவரும் அவளை எதுவும் கேட்கவில்லை. பின்னிருக்கையில் தாயும் மகளும் அமர்ந்தனர். பர்கூர் தாண்டுமுன்பே மகள் உறங்கிவிட்டாள். தலை சாளரக் கண்ணாடியில் மோதி மோதி, கடைசியில் தாயின் தோளில் வந்து நின்றது. குழி வரும்போதெல்லாம் வளையல்கள் குலுங்கின. மனைவி கையை அசைக்காமல், விறைத்தபடி, ஒசூர் வரை அப்படியே இருந்தாள்.

வீட்டை அடைந்தபோது மாலை மங்கியிருந்தது. மகள் பின்னறையில் போய்ப் படுத்தாள். மனைவி விளக்கேற்றினாள். விரல் இடுக்குகளில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதனைக் கழுவவில்லை. ஒரு தட்டில் தயிர்ச்சோறு பிசைந்துகொண்டு அமர்ந்தாள். பாதி உண்டபின் எழுந்து குளியலறைக்குச் சென்றாள். தண்ணீர் ஊற்றும் ஓசையை நான் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கையில் புட்டியோடு திரும்பி வந்தாள். தட்டின் அருகே அமர்ந்து, ஒரு குளிகையை வாயிலிட்டு, தண்ணீர் குடித்து, எஞ்சிய சோற்றை உண்ணத் தொடங்கினாள்.

கதவோரம் வந்து நின்ற மகள் அதனைப் பார்த்துவிட்டாள். அவள் தாயின் நோன்புகளை அறிந்து வளர்ந்தவள்.

“அம்மா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நீ குளிக்கக்கூட இல்லையே?”

“இல்லடி,” என்றாள் அவள், தட்டிலிருந்து தலை நிமிராமலே. “அசதியா இருக்கு.”